சிரிப்பு ஷாட்

இந்தப் பை மேல வேண்டாம் சார், மடியிலயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்ல. ஒரு மாலை, ஒரு வேட்டி, ரெண்டு போன். ஒண்ணு என்னுது. திருவாரூர் வரைக்கும் போறேன். நீங்க எங்க, மாயவரமா? சரி, எனக்கு முன்னாடியே இறங்கிடுவீங்க.

பஸ் ஸ்டாண்டுல வெளிய வர்ற வழியில ஒரு போஸ்டர் இருந்துச்சே, பாத்தீங்களா? கண்ணீர் அஞ்சலி, நடிகர் தியாகேசன். ஒரே முகத்தை பத்து வேஷத்துல போட்டிருந்தாங்க. அவரோட மேனேஜர் நான். தணிகாசலம். இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தேன். நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம், அதுக்குத்தான் போறேன். கூப்பிட்டாங்களான்னா கூப்பிடல. காரியத்துக்கெல்லாம் கூப்பிட்டா போறது? நாமளா போறதுதான் முறை.

நீங்க மாயவரம்னு சொன்னீங்கல்ல சார். அண்ணனை நான் முதல்ல பாத்தது உங்க ஊர்லதான். ஸ்டேஷன்ல தபால் பிரிக்கிற வேலையில இருந்தார் அப்ப. நான் கூட்டத்துக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிற வேலை. ஒரு படத்துக்குப் பொணம் ஒண்ணு வேணும். பேசி வச்ச ஆளு பாடையைப் பாத்ததும் ஓடிட்டான். எவன் படுப்பான் சொல்லுங்க, உசிரோட இருக்கிறவனைப் பாடையில படுக்க வச்சா ஆயுசு குறையும்பாங்க. வேடிக்கை பாக்க வந்த கூட்டத்துல இருந்து ஒல்லியா ஒருத்தர் வந்து, "நான் படுக்கறேங்க, இன்னிக்கு லீவுதான்"னார்.

காலையில ஒம்போதுக்குப் படுத்தவர், மத்தியானம் மூணு வரைக்கும் எந்திரிக்கல. கட்டெறும்பு ஒண்ணு காதோரமா ஏறி, கன்னத்துல நடந்து, மூக்கு வரைக்கும் போச்சு. மனுஷன் அசையணுமே. டைரக்டர் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவரை விடக் கூடாதுன்னு.

டிவிக்காரங்ககிட்ட இப்படித்தான் சொன்னேன், பொணமா வந்தார், பொணமா போனார்னு. நல்லா இருந்துச்சு, எல்லா சேனல்லயும் போட்டாங்க.

அப்புறம் என்னென்ன வேஷம். போலீஸ், பாதிரியார், பைத்தியம், ஜட்ஜ், சாராய வியாபாரி, இட்லிக் கடைக்காரர், ஒரு படத்துல பொம்பளை. பத்திரிகையில எழுதறாங்க, எந்தப் பாத்திரமானாலும் அதுவாவே மாறிடுவார்னு. எப்படி மாறினார்னு எவனாச்சும் எழுதினானா? நான் எதையும் வேண்டாம்னு சொன்னதே கிடையாது சார். அதுதான் ரகசியம். யார் வந்தாலும், என்ன வேஷமானாலும், "அண்ணன் பண்ணுவார்"னுடுவேன். அவர் திறமை இல்லைன்னு சொல்லல. ஆனா கடையைத் திறந்து வச்சாத்தானே வியாபாரம்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த வேஷமானாலும் முதல்ல செருப்பைத்தான் கேப்பார். சட்டை, மீசை எல்லாம் அப்புறம். இந்த ஆளு என்ன செருப்பு போடுவான், எந்தப் பக்கம் தேஞ்சிருக்கும், அதைக் கொண்டா. போட்டுக்கிட்டு ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே நடப்பார். ரோட்ல போனா ஆளைப் பாக்க மாட்டார், காலைத்தான் பாப்பார். நீங்க இப்ப கால் மேல கால் போட்டிருக்கீங்க பாருங்க, அண்ணன் இருந்தா அரை மணி நேரம் அதையே பாத்துட்டு வந்திருப்பார்.

இதுல ஒரு கஷ்டம். அவர் பொண்ணு கமலி, ஒரே பொண்ணு. அஞ்சு வயசுல, அப்பா வர்ற காலடிச் சத்தம் கேட்டு எந்த வேஷம்னு சொல்லும். சில நாள் பயந்து கட்டிலுக்கு அடியில போயிடும். நான்தான் போய் இழுத்துட்டு வருவேன். தணிகா மாமா தணிகா மாமான்னு என் கழுத்தைக் கட்டிக்கும். அந்தப் பொண்ணுதான் இப்ப...

சரி விடுங்க. வரிசையா சொல்றேன்.

செல்போன் வந்த புதுசு. ஒரு அழுகை சீன், அண்ணன் உள்ளுக்குள்ள போய் கண்ணுல தண்ணி திரண்டு நிக்குது, அந்த நேரம் பாத்து அவர் பையில போன் அடிச்சுடுச்சு. எல்லாம் போச்சு. அன்னிக்கு போனை எடுத்து என் கையில குடுத்தார். "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும் தணிகா. ஷாட் முடியற வரைக்கும் எமனே கூப்பிட்டாலும் குடுக்காத"ன்னார். அவர் வாயால சொன்னது. டச்சப் பண்ற முருகவேல் சாட்சி. இதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும் சார், ஏன்னா எல்லாரும் இதை மறந்துட்டுத்தான் என்னைப் பேசறாங்க.

அன்னியில இருந்து அந்த போன் என் சட்டைப் பையிலதான். அவரு நம்பருக்கு நீங்க கூப்பிட்டிருந்தா என்கிட்டதான் பேசியிருப்பீங்க.

எட்டு வருஷத்துக்கு முன்னால அண்ணி தவறினாங்க. தலையில ரத்தக் கசிவு, திடீர்னு. நாங்க பொள்ளாச்சியில. கல்யாணப் பந்தி சீன், அண்ணன் பாயச அண்டாவுல தலைகுப்புற விழறார், முகமெல்லாம் பாயசம், நிமிந்து சிரிக்கிறார். நீங்க பாத்திருப்பீங்க, இன்னிக்கும் அந்த மூஞ்சியைப் போட்டு மீம் போடறாங்களே, அதுதான். அது எடுக்கறதுக்கு அரை மணி முன்னாடி போன் வந்துடுச்சு. கமலிதான் கூப்பிட்டுச்சு. காலேஜ்ல படிக்குது அப்ப. நான் என்ன பண்ணட்டும்? முன்னூறு பேரு பந்தியில உக்காந்திருக்கான். போனவங்க போயிட்டாங்க. நாலு மணி நேரம் கழிச்சு சொன்னா திரும்பி வந்துடப் போறாங்களா, இல்ல முன்னாடியே சொன்னா எந்திரிச்சுடப் போறாங்களா?

சீன் முடிஞ்சு முகத்தைக் கழுவினப்புறம் சொன்னேன். அண்ணன் வேஷத்துக்குப் போட்டிருந்த செருப்பைக் கழட்டி ஓரமா வச்சார். கார்ல வெறுங்காலோட உக்காந்தார். கோயமுத்தூர் தாண்டினப்புறம், "ஷாட் நல்லா வந்துச்சா தணிகா?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டார். அதான் சார் நடிகன். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

கமலி அன்னியோட மாமான்னு கூப்பிடறதை நிறுத்திடுச்சு. ஏங்கன்னு கூப்பிடும். வயசு வந்த பொண்ணு, கூச்சம்னு நினைச்சுக்கிட்டேன்.

இந்த ரெண்டு வருஷமா அண்ணன் ஒரு பாட்டு பாடிட்டிருந்தார். "ஆறு மாசம் சும்மா இருக்கணும் தணிகா. என் நடை எனக்கே மறந்து போச்சு." சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். மொட்டை மாடியில வெறுங்கால்ல நடந்து பாத்துட்டு, "இது யாரோட நடைன்னு தெரியல"ம்பார். நான் அதுக்குள்ள ஒம்போது படத்துக்குத் தேதி குடுத்திருந்தேன். ஆர்ட்டிஸ்ட் வீட்ல உக்காந்தா ஊரு செத்துட்டான்னு நினைச்சுக்கும் சார். உக்கார விட்டிருந்தா அவரை நானே கொன்ன மாதிரி ஆயிருக்கும்.

இப்ப கடைசி நாளுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு இந்த சிரிப்பு ஷாட்டைச் சொல்லணும்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. பொணமா நடிக்கிற சீன் எடுத்தா, கட் சொன்னதும் கேமராவை நிறுத்த மாட்டாங்க. பொணமா கிடந்தவரு கேமராவைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். நான் சாகல, இருக்கேன்னு காட்டணும். அது படத்துல வராது, சவுண்டும் எடுக்க மாட்டாங்க. திருஷ்டி கழியறதுக்கு. ஃபிலிம் வித்த விலைக்கு அப்பவே அந்த நாலு அடியை எடுத்தாங்கன்னா பாத்துக்குங்க. சாமி இல்லைங்கற டைரக்டர் கூட இதை மட்டும் விட மாட்டார். அண்ணன் மொத்தம் நாப்பத்தி மூணு தடவை செத்திருக்கார். நாப்பத்திரெண்டு தடவை சிரிச்சிருக்கார்.

மதுராந்தகம் பக்கம் ஒரு தோப்பு. சித்திரை வெயிலு. ஹீரோவோட அப்பா செத்துக் கிடக்கார், ஊரே அழுவுது, அதுதான் சீன். அதுக்கு முந்தின நாள் அண்ணன் டப்பிங் தியேட்டர் படி ஏறும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். கமலி ஊர்ல இருந்து வந்திருந்துச்சு. அதுவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஏதேதோ டெஸ்ட் எடுத்துச்சு. ரிப்போர்ட் மறுநாள் பதினோரு மணிக்குன்னாங்க. ஷூட்டிங் போக வேண்டாம்னு ஒரே சண்டை. நான்தான் சமாதானம் பண்ணேன். "படுத்துக்கிட்டு இருக்கிற வேஷம்தானேம்மா. வீட்ல படுக்கறதை அங்க படுக்கப் போறார்"னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க.

காலையில கார்ல ஏறும்போது வழக்கம்போல போனை என்கிட்ட குடுத்தார். குடுத்துட்டு, "கமலி கூப்பிடுவா. அவ கூப்பிட்டா மட்டும் குடுத்துடு தணிகா"ன்னார். சொன்னார், இல்லைங்கல. ஆனா இவரேதானே எமன் கூப்பிட்டாலும் குடுக்காதன்னவரு. ரெண்டும் அவர் வாய்தான். நான் எதை எடுத்துக்கறது?

மேக்கப் முடிய பதினொண்ணே கால். நெத்தியில ஒத்த ரூவாக் காசு, மூக்குல பஞ்சு, காதுல பஞ்சு, தாடையைச் சேத்துத் தலையோட இறுக்கி வெள்ளைத் துணிக் கட்டு. புது டைரக்டரு, எல்லாம் நிஜமா இருக்கணும்னு நிப்பான். கட்டு தளர்வா இருந்தா குளோசப்ல தெரியுதுன்னு ரெண்டு தடவை இறுக்கினான். கைக் கட்டை விரல் ரெண்டையும், கால் கட்டை விரல் ரெண்டையும் கட்டியாச்சு. அண்ணன் செருப்பு கேக்காத வேஷம் இது ஒண்ணுதான். படுக்கறதுக்கு முன்னாடி தன் காலையே பாத்துட்டிருந்தார்.

பதினொண்ணு இருபதுக்கு முதல் போன். சத்தம் வராம அதிர்ற மாதிரி வச்சிருந்தேன். ஷாட் போயிட்டிருக்கு. கட் பண்ணேன். மறுபடி வந்துச்சு. மறுபடி. நீங்க எடுத்துப் பேசியிருக்கலாமேங்கறீங்க. எடுத்தா என்ன ஆகும்? அப்பாகிட்ட குடுங்கன்னும். குடுத்தா அவரு எந்திரிக்கணும், கட்டை அவிழ்க்கணும், மறுபடி மேக்கப்புக்கு முக்கா மணி நேரம். ஹீரோ தம்பி ஒரு மணிக்குக் கிளம்பணும், அவருக்கு ஃபிளைட். நாப்பது பொம்பளைங்க மாரடிச்சுத் தொண்டை வத்திப் போயிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு. "டாக்டர் உடனே அட்மிட் ஆகச் சொல்றார். எதையும் செய்யாம உடனே வாப்பா." பாத்தேன். டாக்டருங்க எல்லாத்துக்கும் உடனேதான் சொல்வாங்க. எங்க வீட்டுக்காரிக்குப் பித்தப்பைக் கல்லுக்குக் கூட உடனேன்னான், அவ ஒரு வருஷம் கழிச்சுத்தான் எடுத்துக்கிட்டா. ஒரு மணிக்கு முடிஞ்சா ரெண்டரைக்கு ஆஸ்பத்திரியில கொண்டு போய் விட்டுடலாம்னு கணக்குப் போட்டேன்.

முதல் டேக் முடிஞ்சது. கட் சொன்னாங்க. "அண்ணே, சிரிங்க"ன்னாரு கேமராமேன். அண்ணன் கண்ணைத் திறந்தார். சிரிக்கல. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தார், நான் நிக்கிற இடத்துல வந்து கண்ணு நின்னுச்சு. அப்புறம் நடந்ததை உங்களுக்குக் காட்டறேன், இருங்க. டைரக்டர் ஒன் மோர்னார். ரெண்டாவது டேக் நாலு நிமிஷம், பாடையைச் சுத்தி கேமரா போவுது. முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். மூச்சு விடறதே தெரியல, என்ன கட்டுப்பாடுன்னு டைரக்டர் கண் கலங்கினான். "அண்ணே, இப்பவாச்சும் சிரிங்க"ன்னாரு கேமராமேன். அதுக்கப்புறம்தான்.

அந்தத் தாடைக் கட்டை நான்தான் அவிழ்த்தேன். வீட்டுக்குக் கொண்டு போனப்புறம் வேற ஒருத்தர் வந்து மறுபடி கட்டினார். ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு கட்டு. என்னால தாங்க முடியல சார். அன்னிக்கு மரத்தடியில உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

சொந்த ஊரு, திருவாரூருக்குத்தான் கொண்டு போகணும்னுட்டா கமலி. வண்டி, ஐஸ் பெட்டி, மாலை எல்லாம் என் ஏற்பாடு. அங்கயும் டிவிக்காரங்க வந்துட்டாங்க. அண்ணன் முகம் சுவத்துப் பக்கமா சாஞ்சிருந்துச்சு, ஒண்ணும் தெரியல. கேமராவுக்கு வாட்டமா இருக்கட்டுமேன்னு தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பி வச்சேன். அவ்வளவுதான். கமலி எந்திரிச்சு வந்து என் கையைத் தட்டி விட்டா. அத்தனை பேர் முன்னாடி. என்மேல அவளுக்கு இருக்கிற கோபமே அதுதான்னு நினைக்கிறேன்.

வாசல் வரைக்கும் பின்னாடியே வந்து, "எத்தனை தடவை கூப்பிட்டேன்னு தெரியுமா?"ன்னா. பதினொண்ணுன்னேன். எண்ண வேண்டியதே இல்ல, போன்லயே காட்டுதே. "என் அப்பா கேட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னா. "கேக்கவே இல்லம்மா. உன் அப்பன் ஒரு தடவை கேட்டிருந்தா குடுக்காம இருந்திருப்பேனா?"ன்னேன். என்னையே பாத்துட்டு நின்னா. "அப்ப என் ஞாபகமே வரலியா அவருக்கு?"ன்னா. "நடிகன்மா"ன்னேன். காலையில கார்கிட்ட அவர் சொன்னதைச் சொல்லல. சொன்னா பாவம், அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும். கதவைச் சாத்திட்டா. தெருவுலயே நின்னுட்டு, வாய்க்கரிசி கூடப் போடாம திரும்பி வந்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு இதுதான் கூலி.

அதுக்குத்தான் இப்ப போறேன். வெறுங்கையோட போகல. கேமரா அசிஸ்டென்ட் பையன் கால்ல விழாத குறையா கெஞ்சி, அந்த முதல் டேக்கோட சிரிப்பு ஷாட்டை என் போன்ல வாங்கிட்டு வந்திருக்கேன். இதை அவ பாக்கணும். பாத்தா புரிஞ்சுக்குவா, அவங்க அப்பா கடைசியா யாரைத் தேடினாருன்னு.

இந்தாங்க. நல்லாப் பிடிங்க, வெளிச்சம் படாம. சத்தம் வராது, சொன்னேனே. இப்ப கட் சொல்லியாச்சு. கண்ணைத் திறக்கறார். பாருங்க, தேடறார். பாத்துட்டார். கைக் கட்டை விரல் கட்டை உருவறார், அது சும்மா சுத்தினதுதான். இப்ப பாருங்க, கையை நீட்டறார். உள்ளங்கையை விரிச்சு. என்னைப் பாத்து சார். அம்பது பேரு நிக்கிறாங்க, பெரிய ஹீரோ நிக்கிறாரு, என்னைப் பாத்துத்தான் நீட்டறார். இது நான், இந்தப் பக்கம் வர்ற நீலச் சட்டை. கையைப் பிடிச்சுக்கிறேன் பாருங்க. ஒரு அழுத்து அழுத்தறேன். அவர் கையை இழுத்துக்கிட்டு மறுபடி நீட்டறார், பாத்தீங்களா, விட மனசில்ல. நான்தான் மெல்ல மடக்கி நெஞ்சு மேல வச்சுட்டுப் போறேன்.

அதுவா? நடுவுல கையைக் காதுகிட்ட கொண்டு போறாரே, அதுவா? பஞ்சு சார். காதுல பஞ்சு வச்சிருந்தாங்கன்னு சொன்னேன்ல, அது உறுத்தியிருக்கும்.

ரெண்டு தடவை கொண்டு போறார், ஆமா. ரெண்டு காதுலயும்தானே பஞ்சு. இல்லையா, ஒரே காதா? குடுங்க, பாக்கறேன்.

வெயில்ல வியர்வை ஊறினா பஞ்சு ரொம்ப உறுத்தும் சார். உங்களுக்குத் தெரியாது.

நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? அவளும் இப்படித்தான் பாத்தா. நான் போன் குடுக்க மாட்டேன்னு யார்கிட்டயும் சொல்லல. இப்பவும் அந்த போன் இந்தப் பையிலதான் இருக்கு, பாருங்க. தினமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். பதினொண்ணும் அப்படியே இருக்கு, ஒண்ணைக் கூட அழிக்கல. கமலி கேட்டா இன்னிக்கே குடுத்துடுவேன். அண்ணன் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்.

மாயவரம் வந்துடுச்சு போல. பாத்து இறங்குங்க சார். நான் சொல்றதுல என்ன தப்பு, நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷனுக்கு ஒண்ணு வேணும்னா, வாயைத் திறந்து கேக்கணுமா வேண்டாமா?